வீட்டுக் கதவைத் திறந்து வைத்த டாக்டரம்மா

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, பழைய கேண்டீன் பற்றியோ, கல்லூரி நாடகப் போட்டியில் நாங்கள் திரையைக் கிழித்த கதை பற்றியோ எழுதச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். நமக்கு வழிகாட்டிய ஒரு பெரியவரைப் பற்றி எழுதுங்கள் அக்கா, எந்தப் பெரியவராக இருந்தாலும் சரி என்றார்கள். ரெண்டு நாள் யோசித்தேன். நம் பேராசிரியர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத ஆள் இருக்கிறார்கள். நான் நேரில் பார்க்காத, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவருக்கும் பாண்டிச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெரிய சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அவர் ஞாபகம் வருவதெல்லாம் பாரதி பூங்காவில் உட்கார்ந்திருக்கும்போதுதான். நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அதைப் பார்க்கும்போது.

ஆயி கதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் அரசு முத்திரையில் அந்த மண்டபத்தைப் பார்த்ததோடு சரி. விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தாராம். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மாளிகையைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து, இடித்துத் தள்ள உத்தரவு போட்டார். அந்த அம்மா அழுது கொண்டு நிற்கவில்லை. என் வீட்டை நானே இடிக்கிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டித் தருகிறேன் என்று கேட்டு வாங்கி, அப்படியே செய்தாள். முத்தரையர்பாளையத்துக் குளம் அப்படி வந்தது என்பது கதை. பிறகு பிரெஞ்சுக்காரர் காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், அங்கிருந்து வாய்க்கால் போட்டு நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டு வந்தார்கள். அதன் நினைவாகத்தான் இந்த மண்டபம். ராஜா கும்பிட்டது தப்பு என்று ஊர் சொன்ன வீட்டுக்காரிக்கு, ஊரின் நட்டநடுவே மண்டபம்!

சரித்திரம் பாதி, செவிவழி பாதி. இருக்கட்டும். தாசி குலம் என்று ஊர் ஒதுக்கிய வழியில் வந்த இன்னொரு பெண், நூற்றாண்டுகள் கழித்துத் தன் வீட்டை வேறு விதமாக ஊருக்குக் கொடுத்தார். அது செவிவழிக் கதை இல்லை, ஆவணம் உள்ள சரித்திரம்.

நான் அவரைத் தெரிந்துகொண்டது பெருமைப்படும்படியான சந்தர்ப்பத்தில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் நம் கல்லூரியில் படித்தது 1983 முதல் 1986 வரை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் பெயர் கொடுத்திருந்தேன். மற்ற அணிகள் மரம் நட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் அணிக்கு வைத்திக்குப்பம் பக்கம் ஒரு மாலை வகுப்பு. மணலில் பாய் விரித்து, 23 பிள்ளைகள். அதில் 12 வயதுப் பெண் ஒருத்தி. கணக்கு அவ்வளவு நன்றாக வரும். திடீரென்று பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை, எங்கள் வகுப்புக்கும் வரவில்லை. அப்பா கடலில் போனவர் திரும்பவில்லை. அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். விசாரித்தோம். பெண்ணை நிறுத்திவிட்டேன் என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்கள். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. பத்தொன்பது வயசில் கொதிக்காமல் என்ன செய்யும்?

ஓடியாடி வெளியூரில் ஒரு விடுதியில் இடம் பிடித்தோம். சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அந்த அம்மாவை ஏறக்குறைய மிரட்டித்தான் சம்மதம் வாங்கினோம். பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டோம்!

இருபதே நாளில் அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள். அம்மாவே போய் அழைத்து வந்துவிட்டார்கள். எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாங்கள் பேராசிரியையிடம் போய் அந்த அம்மாவைப் பற்றி ஒரு மூச்சுப் புகார் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, அம்மா விடியற்காலை ஏலத்துக்குப் போனால் அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். எங்களில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பெண் பள்ளியை விட்டதே தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவர் நூலகத்திலிருந்து முத்துலட்சுமி ரெட்டியின் சுயசரிதையை எடுத்துக் கையில் கொடுத்தார். 1964-இல் வந்த ஆங்கிலப் புத்தகம். அகராதி வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன்.

இனி அவர் கதை.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30-ஆம் தேதி பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்த படிப்பாளி. அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பம், அன்றைய பேச்சில் தாசி குலம். இந்த மணத்துக்காக அப்பாவை அவருடைய உறவுக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அம்மா பக்கமோ ஊர் ஏற்கெனவே ஒதுக்கி வைத்த பக்கம். ஆக, இரண்டு பக்கத்துக்கும் முழுசாகச் சொந்தமில்லாத ஒரு வீட்டில் வளர்ந்த பெண். நம் கணக்குப்படி சொன்னால், ஆபத்தான சூழலில் இருந்த குழந்தை. அவருக்குக் கிடைத்தது என்னவென்றால், படிக்க வைத்தே தீருவேன் என்று நின்ற ஒரு அப்பா. வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்துவதுதான் அன்றைய வழக்கம். இவர் வீட்டிலேயே பாடம் படித்து, தனியாகவே மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார்.

அடுத்தது கல்லூரி. 1904-இல் மகாராஜா கல்லூரிக்கு மனு போட்டார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. அன்றைய முதல்வருக்குத் தயக்கம், பையன்களின் பெற்றோருக்கு ஆத்திரம். பெண் என்பது ஒரு காரணம், அவருடைய தாய்வழி இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், மாணவர்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். நம் கல்லூரியில் தாமதமாக வந்து பின்பெஞ்சில் ஒளிந்தவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவும்!

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் நல்ல மதிப்பெண்களோடு டாக்டராக வெளியே வந்தார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டார்: தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார். கடைசி வரை காப்பாற்றினார் என்பதுதான் விசேஷம். வீட்டுக் கதவு திறந்தபோது அந்த மனிதர் முகம் சுளித்திருந்தால் மீதிக் கதையே இல்லை.

டாக்டராகத் தொழில் செய்துகொண்டே, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகள் விடுதிக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று சொல்கிறோமே, அந்தக் கட்டடத்தில்தான் விடுதி இருந்தது. பத்து, பன்னிரண்டு வயதில் தாலி அறுத்து, மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே படித்து டீச்சராக வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தார். வீடு கைவிட்ட குழந்தைக்கு ஒரு கூரையும் ஒரு படிப்பும் சேர்ந்து கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

1923-இல் தங்கை புற்றுநோயில் போனார். அந்தத் துக்கம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக 1954-இல் முளைத்தது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார், பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன். பொதுவாக அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்படிப்புக்காக அரசு உதவியோடு லண்டன் போனார். 1926-இல் பாரீஸில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்ததும் சென்னை சட்ட மேலவைக்கு நியமனம், 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்வு. பெண்ணுக்கு ஓட்டுரிமையே புதிதாக வந்திருந்த காலம் அது.

அங்கே அவர் கேட்டவற்றைப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை. பெண்ணின் திருமண வயதை உயர்த்துவது. எல்லாமே ஒரு குடும்பத்துக்குள் ஒரு குழந்தை எங்கே நழுவி விழுகிறது என்று பார்த்த டாக்டரின் கேள்விகள். 1928, 29-இல் ஹார்ட்டாக் கமிட்டி என்ற கல்விக் குழுவில் உறுப்பினராக நாடு சுற்றினார். அந்தக் குழு சொன்ன ஒரு கணக்கு என் மனசை விட்டுப் போகவே இல்லை. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில், 1925-26-இல் நாலாம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர்தான். சேர்ப்பது பெரிசில்லை, மிச்சம் 82 பேர் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி. நான் முப்பது வருஷம் டீச்சராக இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது அந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

இப்போது அந்தப் பெரிய சண்டைக்கு வருகிறேன். சின்னப் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927-இல் மேலவையில் தீர்மானம் கொண்டு வந்தார். தன் அம்மா வந்த வழி அது என்பதை எல்லாரும் அறிவார்கள். எதிரே இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசியவாதிகள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி எதிர்த்தார்கள், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற மகா வித்துவான்கள் அதில் உண்டு. எங்கள் கலை, எங்கள் சொத்துரிமை, எங்கள் வீட்டில் பெண்ணுக்கு இருக்கும் இடம், எல்லாம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அந்தக் குலத்தில்தான் பெண் சொத்து வைத்திருந்தாள், படித்திருந்தாள். இந்தப் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அவரும் அதே வழியில் வந்து அதை எதிர்த்தவர். பெரியாரின் இயக்கம் ஆதரவாக நின்றது.

எல்லாரும் 1947 சட்டத்தைச் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது 1929 சட்டத்தை. கோயில் சேவைக்காகத் தாசிகளுக்கு மானிய நிலம் உண்டு. சேவை செய்தால்தான் நிலம். சேவையை விட்டால் நிலம் போய்விடும், அடுப்பு அணைந்துவிடும். அப்படியிருக்கும்போது ஒரு தாய் தன் மகளுக்குப் பொட்டுக்கட்டாமல் என்ன செய்வாள்? இதை முத்துலட்சுமி பார்த்தார். முதலில் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்து, சேவை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாமலே அந்த நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்று ஆக்கினார். 1929-இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதா அதற்குப் பிறகுதான், 1930-இல். வரிசையைக் கவனியுங்கள். முதலில் தாயின் சோறு, அப்புறம் மகளின் விடுதலை. எங்கள் பேராசிரியை என் கையில் புத்தகத்தைக் கொடுத்தது இந்த இடத்துக்காகத்தான் என்று படித்தபோது புரிந்தது. மீன்கூடைக்கார அம்மாவின் முகம் கண்முன்னால் வந்து நின்றது.

அந்த மசோதா நிறைவேறுவதற்குள் காந்தியடிகள் கைதானார். 1930-இல் முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். மசோதா கிடப்பில் போனது. நம் பக்கத்து ஊர்க்காரர் ஓமந்தூரார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1947-இல்தான் சட்டம் வந்தது. பதினேழு வருஷம்! அதுவும் நமக்கு இல்லை. நாம் அப்போது பிரெஞ்சு பூமி, சென்னைச் சட்டத்தின் அதிகாரம் கோட்டக்குப்பத்தோடு நின்றுவிடும். ஒரு ஊரின் குழந்தை எந்த எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது பாருங்கள். பிரெஞ்சுக்காரரையும் குறையாக மட்டும் சொல்லக் கூடாது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் இங்கே 1930-லேயே வந்துவிட்டது.

அதே 1930. பதவியில்லை, சட்டமில்லை. தாசிக் குடும்பங்களிலிருந்து தப்பித்து வந்த மூன்று பெண்பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். எந்தக் குலம் என்று தெரிந்ததும் இடமில்லை என்றார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் தன்னைப் பார்த்துச் சாத்தப்பட இருந்த அதே கதவு. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. திட்ட அறிக்கை கிடையாது, மானியம் கிடையாது. டாக்டர் வீட்டுச் சாப்பாட்டில் மூன்று இலை கூடுதல். பிறகு மூன்று பேர் முப்பது பேராகி, இல்லம் அடையாறுக்குப் போனது. தாசி குலத்துப் பிள்ளைகள் என்றில்லாமல் ஆதரவற்ற எந்தப் பெண் குழந்தைக்கும், சாதி மதம் கேட்காமல், இடம் என்று ஆனது.

அவ்வை என்று பெயர் வைத்ததை நான் ரசிக்கிறேன். புருஷன், பிள்ளை, வீடு எதுவுமில்லாமல், ராஜாவுக்கும் சரிசமமாகப் பேசி, ஊர் ஊராக நடந்த கிழவி. தமிழ்நாட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அவ்வை நம்ம பாட்டி என்றுதான் சொல்லும். அனாதை இல்லம் என்ற பலகைக்குக் கீழே நுழைகிற குழந்தைக்கும், பாட்டி வீட்டுக்குள் நுழைகிற குழந்தைக்கும் நடையே வேறாக இருக்கும்.

இல்லத்தோடு பள்ளிக்கூடம் சேர்ந்தது. படித்த பெண்கள் டீச்சராக, நர்ஸாக வெளியே போனார்கள். பிள்ளை சொந்தக் காலில் நிற்கும் வரை இல்லம் பொறுப்பேற்றுக்கொண்டது. இதைத்தான் இப்போது நாம் ஆயிரம் பெயர் வைத்துச் சொல்கிறோம்.

புகழ்ந்துகொண்டே போவது சரியில்லை. எனக்கு அவரோடு மனத்தாங்கலும் உண்டு. தாசிப் பெண்களைப் பற்றி அவர் எழுதிய சில பகுதிகளில் ஒழுக்கம், ஒழுக்கம் என்று ஒரு கடுமை தெரியும். அந்தத் தாய்மாரின் பாட்டு, ஆட்டம், பெருமை எதற்கும் அங்கே இடமில்லை. கலை பிற்பாடு வேறு வீடுகளுக்குப் போய் மரியாதை பெற்றது, அதைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்கள் பெயரில்லாமல் போனார்கள். இல்லத்துக்கு வந்த பெண் தன் அம்மாவிடமிருந்து விலகித்தான் வர வேண்டியிருந்தது. அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததா என்று தெரியவில்லை. பத்து வயதுப் பெண்ணைப் பொட்டுக்கட்டக் காத்திருக்கும் வீட்டில் விட்டுவைத்து, மெதுவாகப் பேசலாம் என்று சொல்வது சுலபம், நமக்கு. ஆனாலும் அந்த அம்மாக்கள் எங்கே போனார்கள் என்று நான் யோசிக்காமல் இல்லை.

நம் வைத்திக்குப்பத்துக்கு வருகிறேன். நாங்கள் பதினோரு மாணவிகள், வாரம் ஆளுக்கு இரண்டு ரூபாய் எடுத்து வைத்தோம். குப்பத்திலேயே ஒரு பாட்டி, கண் கொஞ்சம் மங்கல், ஆனால் குழந்தை தூக்குவதில் கெட்டி. விடியற்காலை நாலு மணியிலிருந்து மூன்று கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அந்தப் பாட்டிக்கு அந்தக் காசு. அங்கன்வாடி இருந்தது, ஆனால் அது திறக்கிற நேரத்துக்குள் மீன் விற்றே முடிந்திருக்கும். எங்கள் பேராசிரியை அந்த அம்மாவின் தண்டல் கடனைப் பேசி, வட்டியைக் குறைக்க வைத்தார். எப்படிப் பேசினார் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவள் வீட்டிலிருந்தே, அவள் அம்மா தலை வாரிவிட்டுப் போனாள்.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். அந்த 23 பேரில் ஆறு பேரை எங்களால் நிறுத்தி வைக்க முடியவில்லை. சிலர் ஐஸ் கம்பெனிக்கு, சிலர் வீட்டு வேலைக்கு. ஒரு பையன் எங்கே போனான் என்று இன்று வரை தெரியாது. நாங்கள் பட்டம் வாங்கிப் போனதும் இரண்டு ரூபாய் வசூலும் நின்றுபோனது. அடுத்த வருஷ மாணவிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அது எங்கள் தப்பு.

முத்துலட்சுமி அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒரு வீட்டில் ஆரம்பித்ததை நிறுவனமாக்கினார், நிறுவனத்தில் கற்றதை அரசாங்கத்துக்குக் கொண்டு போனார். 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் வந்தது. அடுத்து மாநில வாரியங்கள் வந்தபோது, சென்னை மாநில வாரியத்துக்கு முதல் தலைவர் இவர்தான். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கிராமத்தில் பால்வாடி, மாதர் சங்கம், தையல் வகுப்பு, பேறுகாலக் கவனிப்பு. கேட்டால் சின்னச் சின்னச் சமாச்சாரம். ஆனால் பாருங்கள், குழந்தையை அதன் வீட்டிலேயே வைத்து, அம்மாவைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும் என்ற யோசனை இதில் இருக்கிறது. 1930-இல் இல்லத்தைத் திறந்தவர், கால் நூற்றாண்டு கழித்து இல்லமே தேவைப்படாதபடி என்ன செய்யலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1956-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22-இல் காலமானார். எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாள் இருந்தது.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்கான உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை 2022-இல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தாலிக்குத் தங்கம் என்பது போய்ப் படிப்புக்குப் பணம் என்று ஆனதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் சந்தோஷம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கஷ்டத்தில் இருக்கும் குடும்பம் பிள்ளையைத் தன்னிடமே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் வரை ஆதரவுத் தொகை உண்டு. கணவனை இழந்த பெண், தீராத நோயில் கிடக்கும் அப்பா, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று என்று அலைய வேண்டும். மீன் விற்கிற அம்மா ஒரு நாள் ஆபீஸில் உட்கார்ந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. அந்த அலைச்சலில் பாதியை நம் மாணவர்கள் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஏதாவது வீட்டில் ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு வருஷமாக நம் சங்கத்தில் மீதமிருக்கும் நிதியை என்ன செய்வது என்று பேச்சு ஓடுகிறது. நுழைவாயிலில் வளைவு கட்டலாம் என்று ஒரு கட்சி. நான் வளைவுக்கு எதிரி இல்லை. ஆனால் கூட்டத்தில் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்த ஒன்றை இங்கே கேட்டுவிடுகிறேன். பக்கத்துக் குப்பங்களில் விடியற்காலையில் குழந்தை பார்த்துக்கொள்ள நாலு பாட்டிமாருக்கு மாசச் சம்பளம், நம் மாணவிகள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு அறை வாடகை. செலவு எவ்வளவு ஆகும் என்று பொருளாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

போன மாதம் கூபேர் அங்காடிக்குப் போயிருந்தேன். அந்தக் கணக்குக்காரப் பெண் அங்கேதான் கடை போட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு தடவை போய், மறுதடவை பாஸ் செய்தவள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். நான் வஞ்சிரத்துக்கு விலை குறைக்கச் சொன்னால், டீச்சரம்மாவுக்குக் கணக்குத் தெரியாதா என்று சத்தம் போடுவாள். தம்பி, அந்தக் கைக்குழந்தை, போட் வைத்திருக்கிறானாம். மலரில் உன் கதையை எழுதப் போகிறேன் என்றேன். கத்தியை நிறுத்தாமலே, எழுதுங்க, அம்மாவைப் பத்தித் தப்பா எழுதிடாதீங்க, என் பேரும் வேணாம் என்றாள். அதனால் போடவில்லை.